அஞ்சலை ஊத்துன மோரு

வாங்க புள்ளைங்களா, உக்காருங்க. அந்த அட்டைப் பெட்டி மேல மட்டும் உக்காராதீங்க, உள்ள பீங்கான் கப்பு இருக்குது. ஒடைஞ்சா என் தம்பி உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டான், என்னைத்தான் வறுத்தெடுப்பான். அவன் பட்டறை இது. நான் சும்மா வேலை முடிஞ்சு வூட்டுக்கு வந்துட்ட ஆளு, பொழுது போவலன்னா இங்க வந்து குந்திக்குவேன்.

நேத்து உங்க மொதலாளி போன் போட்டாரு. "சார், ஓட்டலுக்குப் புதுசா சேந்த எட்டு பேரை விருத்தாசலத்துக்கு அனுப்பறேன். தட்டும் பாத்துட்டு வரட்டும், உங்க அனுபவத்தையும் கொஞ்சம் கேட்டுட்டு வரட்டும்"னாரு. தட்டு பாக்க எட்டு பேரு எதுக்குன்னு எனக்கு அப்பவே சந்தேகம். சரி, வாங்கன்னுட்டேன்.

வந்ததும் வராததுமா இந்தப் பொண்ணு என் தம்பிகிட்ட, "இந்தத் தட்டுல எலும்பு இருக்கா?"ன்னு கேட்டுச்சு பாருங்க, அவன் மூஞ்சியப் பாத்தீங்களா? வயசு பூரா மண்ணு பிசையறவன், பாவம், ஆடிப் போயிட்டான். ஆனா கேட்டது சரியான கேள்விம்மா. மெலிசா, வெளிச்சம் ஊடுருவற மாதிரி ஒசத்தியான பீங்கான் வருது பாரு, அதுல எலும்புச் சாம்பல் கலக்கறாங்க. மிருகத்துலேர்ந்து வர்ற எதையும் சேக்காத உங்க வீகன் ஓட்டல்ல அதுல சோறு போட்டா வம்பு. நம்ம ஊரு சரக்குல அதெல்லாம் கெடையாது, சுத்தமான மண்ணு. ஆனாலும் நீ கேட்ட. உன் வயசுல நான் எதையும் கேட்டதில்ல. கேக்காம, எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டியே சூப்பர்வைசர் ஆனவன் நான்.

அனுபவம்னா என்ன சொல்றது? ஒரே ஒரு மத்தியானத்தைப் பத்தி சொல்றேன். உங்க மொதலாளிக்கு இதுல பாதிதான் தெரியும். மீதியை நீங்க போய் சொல்றதுன்னா சொல்லிக்குங்க, எனக்கு இனிமே என்ன.

மெட்ராஸ்ல நான் முப்பது வருஷத்துக்கு மேல சாதா சைவ ஓட்டல்ல இருந்தவன். இட்லி, பொங்கல், மீல்ஸு, சாயங்காலம் பஜ்ஜி. அங்க ஒரு கொழப்பமும் கெடையாது. மீன், கறி, முட்டை இல்லன்னா சைவம், முடிஞ்சுது. பொங்கல் மேல நெய் ஊத்தினா ரொம்ப சைவம். கடைசி நாலு வருஷத்துக்குத்தான் உங்க ஓட்டலுக்கு வந்தேன். மொத நாளு உங்க மொதலாளி என்னை உக்கார வச்சு, பால் கெடையாது, தயிர் கெடையாது, மோர், நெய், வெண்ணெய், தேன் எதுவும் கெடையாதுன்னு சொல்லிக்கிட்டே போறாரு. எனக்கு மண்டை காஞ்சு போச்சு. எங்க ஊருல பழமலைநாதருக்கே கொடம் கொடமா பாலுதான் ஊத்தறாங்க, அது எப்படிங்க சைவம் இல்லாம போவும்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. "சைவம் வேற, வீகன் வேற சார்"னாரு. தேன் ஏன்யா ஆவாதுன்னு கேட்டா, "அது தேனீ ஒழைச்சு சேத்து வச்சது"ங்கறாரு. அப்ப நீ என்னை ஒழைக்க வைக்கறது மட்டும் என்னய்யான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மொத நாளு ஆச்சே, முழுங்கிட்டேன்.

அப்புறம் பழகிடுச்சு. வேர்க்கடலையை அரைச்சு தயிர் பண்றாங்க, தேங்காய்ப்பால்ல காபி போடறாங்க. வந்து சாப்பிடறவங்களும் நல்ல ஜனங்க. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்ல. வர்றவங்கள்ல நெறைய பேருக்கு இது கொள்கை. கொஞ்சம் பேருக்கு மட்டும் ஒடம்பு. பாலு பட்டாலே ஆவாதவங்க. ரெண்டு பேரும் உள்ள வந்து ஒரே கேள்வியைத்தான் கேப்பாங்க, "பால் இருக்கா?"ன்னு. நானும் ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வேன், ஒரே மாதிரி சிரிச்சுக்கிட்டு. கொள்கைக்காரருக்கு பதில் தப்பாப் போனா கோவம் வரும், மனசு கஷ்டப்படும். இன்னொருத்தருக்கு உசுரு போவும். இது எனக்குத் தெரியாதான்னா தெரியும். ஆனா தெரிஞ்ச மாதிரி நடந்துக்கல.

ஒருநாளு ஒரு அம்மா போன் பண்ணாங்க. பொண்ணுக்கு ஒம்போது வயசு. பொறந்ததுலேர்ந்து பால் ஆவாதாம். ஒரு சொட்டு தயிர் பட்டாலும் மூச்சு அடைச்சுக்கும், ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்த புள்ள. "இது வரைக்கும் ஒரு ஓட்டல்லயும் சாப்பிட்டதில்லைங்க. கிளாஸ்ல எல்லாப் புள்ளைங்களும் அங்க சாப்பிட்டேன் இங்க சாப்பிட்டேன்னு பேசுதுங்களாம். இவளுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. உங்க ஓட்டல்ல பாலே கெடையாதுன்னாங்க, நெஜமா?"ன்னு கேட்டாங்க.

எனக்கு ஒரே பெருமை. "அம்மா, எங்க கிச்சனுக்குள்ள பால் பாக்கெட்டு நொழைஞ்சு வருஷக்கணக்கா ஆவுது. தைரியமா கூட்டிக்கிட்டு வாங்க"ன்னேன். எதுக்கும் இருக்கட்டும்னு என் நம்பரைக் குடுத்து, அவங்க நம்பரையும் பதிஞ்சு வச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் வரேன்னாங்க. காலையிலயே நான் மாஸ்டரைக் கூப்ட்டு, இந்த மாதிரி ஒரு பாப்பா வருதுன்னு சொன்னேன். சர்வருங்களுக்குச் சொன்னேன். தட்டு கழுவறவங்களுக்குக் கூட சொன்னேன். காய் வெட்டறவங்களுக்குச் சொல்லல. ஏன் சொல்லலன்னு கேட்டா காரணம் கெடையாது. காய் காய்தானே, அதுல என்ன பாலு வந்துடப் போவுதுன்னு ஒரு நெனப்பு.

காய் வெட்டறது அஞ்சலை. வேப்பூர் பக்கம். நாப்பது வயசுக்கு மேல இருக்கும். நம்ம ஊருப் பக்கத்துப் பொம்பளைங்கறதால என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும். சுத்தமான வேலை, வாயும் ஜாஸ்தி. மத்த காய் எதுலயும் அவகிட்ட கொறை சொல்ல முடியாது. வாழைப்பூவுலதான் எனக்கும் அவளுக்கும் சண்டை.

வாழைப்பூ வடை உங்க ஓட்டல்ல நல்லா போற அயிட்டம், தெரியும்ல? பூவை நறுக்கி வச்சா கொஞ்ச நேரத்துலயே கறுத்துடும். அந்த வாரம் பாத்து வடையைப் பிச்சா உள்ள கறுப்பு கறுப்பா இழை இழையா தெரியுது. ஒரு அம்மா தட்டைத் தள்ளி வச்சுட்டு "உள்ள முடி கெடக்குது"ன்னு கத்தினாங்க. முடி இல்லம்மா, பூவுதாம்மான்னு எடுத்துக் காட்டியும் நம்பல. மறுநாளு இன்னொருத்தர் போட்டோ புடிச்சுப் போட்டுட்டாரு. மொதலாளி என்னைக் கேட்டாரு. நான் யாரைக் கேப்பேன்? அந்த ஞாயித்துக்கெழமை காலையில நேரா அஞ்சலைகிட்ட போய் நின்னேன்.

"ஏம்மா, நீ பூ நறுக்கறியா, கரி நறுக்கறியா?"

"தண்ணியிலதாண்ணே போடறேன். உப்பு கூட போட்டுப் பாத்தேன். நறுக்கறதுக்குள்ள கறுக்குது, நான் என்ன பண்ணட்டும்?"

"என்னமோ பண்ணு. வாழைப்பூ நறுக்கத் தெரியாத பொம்பளையை நான் இப்பத்தான் பாக்கறேன். இன்னிக்கும் கறுத்து வந்துச்சு, உன்னைத் தட்டு கழுவத்தான் அனுப்புவேன், பாத்துக்க."

நாலு பேரு முன்னால சொன்னேன். அவ பதிலே பேசல. வாய் ஜாஸ்தியான பொம்பளை பேசாம இருந்தா என்னமோ இருக்குதுன்னு அர்த்தம். எனக்கு அதெல்லாம் அன்னிக்குத் தோணல. அரட்டினோம், வேலை ஆவும்னு ஹாலுக்குப் போயிட்டேன்.

மத்தியானம் அந்த அம்மாவும் பொண்ணும் வந்தாங்க. பொண்ணு ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு, புதுப் பாவாடை கட்டிக்கிட்டு, மெனு அட்டையை மொத வரியிலேர்ந்து படிக்குது. எதை வேணா கேக்கலாமான்னு அம்மாவைக் கேட்டுக் கேட்டு படிக்குது. வாழைப்பூ வடைல விரலை வச்சுது. அந்த அம்மா என்னை நிமிந்து பாத்தாங்க. "இதுல பால் சம்பந்தப்பட்டது ஒண்ணும் இல்லீங்களே?"

"என்னை நம்பி சாப்பிடச் சொல்லுங்கம்மா." இந்த வார்த்தைதான் சொன்னேன். மறக்கல.

வடை போச்சு. மேஜை பக்கத்துல நின்னு நானும் எட்டிப் பாத்தேன். வடையைப் பிச்சா வெள்ளை வெளேர்னு பூ தெரியுது, பாக்கவே ஆசையா இருக்குது. எனக்குக் குஷி. உள்ள போய் அஞ்சலையைப் பாத்து, "பாத்தியா? அரட்டினாத்தான் உனக்கு வேலை வருது. என்ன மாயம் பண்ண?"ன்னேன்.

அவளுக்கும் காலையில பட்டதெல்லாம் மறந்து முகம் மலந்து போச்சு. "ஒரு மாயமும் இல்லண்ணே. எங்க வூட்டுல பண்றதுதான். மோருல போட்டேன். இங்க மோரு ஏதுன்னு யோசிச்சேன், மத்தியானச் சோத்துக்கு நான் கொண்டாந்தது இருந்துச்சு. தண்ணி கலந்து அதுல போட்டு எடுத்துட்டேன்"னா.

உங்கள்ல எத்தினி பேரு வூட்டுல வாழைப்பூ ஆயறாங்க? ஆஞ்ச பூவை மோருலதானே போடறாங்க? அது சமையல்ல சேந்ததே இல்ல. அலசிப் பிழிஞ்சு மோரைக் கீழ ஊத்திடறோம். வடைக்கு என்னென்ன போட்டீங்கன்னு கேட்டா கடலைப்பருப்பு, சோம்பு, வெங்காயம்னு சொல்வாங்க, மோருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நம்ம கண்ணுக்கு அது பாலே இல்ல, தண்ணி மாதிரி. தன் சோத்துக்கு வச்சிருந்த மோரை ஓட்டல் வேலைக்கு ஊத்திட்டு, ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு வெறுஞ்சோறு தின்னிருக்கா அவ. நான் அரட்டினதுக்காக.

"அங்க ஒரு பாப்பாவுக்குப் பாலு ஆவாதும்மா"ன்னேன். எப்படி சொன்னேன்னு தெரியல, தானா வந்துச்சு.

"ஆவாதுன்னா?"

"பட்டா மூச்சு நின்னுடும்."

"அய்யய்யோ." கையில இருந்த கத்தியைக் கீழ போட்டா. "போய் சொல்லுங்கண்ணே."

"இரு."

"என்ன இரு? போய் சொல்லுங்கண்ணே!"

"அலசினதானே? பிழிஞ்சதானே?"

"பிழிஞ்சேன்."

"அப்புறம் என்ன? கொதிக்கற எண்ணெயில பொரிஞ்சு வந்தாச்சு. அதுல என்னத்த மோரு இருக்கப் போவுது?"

தட்டு குடுக்கற ஜன்னல் வழியா பாத்தேன். பாப்பா மொத வடையைப் பாதி தின்னுடுச்சு. காலை ஆட்டிக்கிட்டு, அம்மாகிட்ட என்னமோ சொல்லிச் சிரிக்குது. ஒண்ணும் ஆவல. பாத்தியா, ஒண்ணும் ஆவலன்னு எனக்குள்ளயே சொல்லிக்கறேன். சொன்னா ஓட்டல் பேரு போவும். பேப்பர்ல வரும். அந்த அம்மா என்னை நம்பி வந்தாங்களே, அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது? சொல்லாம இருந்து ஒண்ணும் ஆவாம போயிட்டா யாருக்குத் தெரியும்? அஞ்சலைக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவ்ளோதான். இதெல்லாம் நான் அங்க நின்னு யோசிச்சது. மறைக்காம சொல்றேன், காலு நகரல. பாப்பா மொத வடையை முழுசா தின்னு முடிச்சு, விரலை நக்கிட்டு, ரெண்டாவதுல கை வச்சுது.

பக்கத்துல கதவு தெறந்த சத்தம் கேட்டுச்சு. அஞ்சலை ஹாலுக்குள்ள போறா.

கிச்சன்ல இருக்கற பொம்பளைங்க ஹாலுக்குள்ள காலு வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தான். எடுத்துச் சொருவின சேலை, ஈரக் கையி, அப்படியே விறுவிறுன்னு போறா. நான் பின்னாலயே ஓடினேன். ஓடி, அவளைத் தாண்டி, அந்த மேஜைகிட்ட மொத ஆளா போய் நின்னு, "அம்மா, அந்த வடையைக் கீழ வைக்கச் சொல்லுங்க, அதுல மோரு பட்டிருக்குது"ன்னு சொன்னேன்.

நான் ஓடினது பாப்பாவுக்காகவா, இல்ல அவ எனக்கு முந்தி சொல்லிடக் கூடாதுன்னா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. எத்தினியோ நாளு யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு நாளைக்கு இப்படித் தோணுது, ஒரு நாளைக்கு அப்படித் தோணுது.

அந்த அம்மா சட்டுன்னு பையைத் தெறந்து மருந்தை எடுத்துக் குடிக்க வச்சாங்க. அதுக்குள்ள பாப்பாவுக்கு ஒதடு தடிச்சுப் போச்சு, கழுத்துல திட்டுத் திட்டா செவந்துடுச்சு. "தொண்டைல என்னமோ பண்ணுதும்மா"ன்னு இருமுது. டாக்டர் குடுத்து வச்சிருந்த ஊசியை எடுத்து, பாவாடைக்கு மேலயே தொடையில குத்துனாங்க. நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடினேன், ஆட்டோல ஏத்தி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி பூரா அது என் சட்டைக் காலரைப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு. மூச்சு விடறப்ப விசில் அடிக்கற மாதிரி ஒரு சத்தம். என் பொண்ணுங்க பொறந்தப்ப கூட நான் அப்படி சாமியைக் கும்புட்டதில்ல.

பொழைச்சுடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள எழுந்து உக்காந்து தண்ணி கேட்டுச்சு. டாக்டர் வந்து, சரியான நேரத்துக்கு ஊசி போட்டீங்க, இன்னும் தின்னிருந்தாலோ லேட்டு பண்ணியிருந்தாலோ சொல்ல முடியாதுன்னாரு. அந்த அம்மா வெளிய வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க சார். தெரிஞ்ச ஒடனே ஓடி வந்து சொன்னீங்க. என் கொழந்தையைக் காப்பாத்திட்டீங்க"ன்னு அழுதாங்க.

நான் தலையை ஆட்டினேன். சின்ன வயசுலேர்ந்து பழக்கம்.

மறுநாளு மொதலாளி எல்லாரையும் கூட்டி நிக்க வச்சாரு. வூட்டு மோரை கிச்சனுக்குள்ள கொண்டாந்தது யாருன்னாரு. "நான்தாங்க"ன்னா அஞ்சலை. அண்ணன் அரட்டினாருன்னு சொல்லல. அண்ணன் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாருன்னும் சொல்லல. என்னைத் திரும்பிப் பாப்பான்னு நெனச்சு நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். அவ பாத்தாளா இல்லையான்னே எனக்குத் தெரியாது.

அவளை வேலையை வுட்டு நிறுத்தறேன்னாரு. நான் வாயைத் தெறந்தேன். "சார், நான் காலையில அவளைத் திட்டினதாலதான்…" அவ்ளோதான் சொன்னேன். அதுக்குள்ள அவரு என் தோள்ல கை வச்சு, "உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும் சார், அவங்களைக் காப்பாத்தப் பாக்கறீங்க"ன்னாரு. அப்பவாவது மீதியைச் சொல்லியிருக்கணும். நல்ல மனசுன்னு ஒருத்தர் சொல்லிட்ட பின்னாடி அதைக் கெடுத்துக்க மனசு வரல. அஞ்சலை சோத்து டப்பாவை எடுத்துக்கிட்டு "போயிட்டு வரேண்ணே"ன்னு என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனா.

இதுலேர்ந்து நீங்க என்ன எடுத்துக்கணும்னு கேட்டா, சில விஷயம் என்னால தெளிவா சொல்ல முடியும். காய் வெட்டறவங்ககிட்டயும் சொல்லுங்க. கலர் சரியில்லன்னு ஒருத்தரை அரட்டினா, அந்தக் கலரை எப்படிக் கொண்டாந்தாங்கன்னு தட்டு வெளிய போறதுக்கு முன்னாடி கேளுங்க. கிச்சன்ல என்னென்ன போட்டீங்கன்னு மட்டும் கேக்காதீங்க, எதுல அலசினீங்க, எதுல ஊற வச்சீங்கன்னு கேளுங்க. தெரிஞ்சுடுச்சுன்னா வாயில இருக்கற வெத்தலையைக் கூட துப்பாம ஓடிப் போய் சொல்லுங்க, பொரிஞ்சுடுச்சு, பிழிஞ்சாச்சுன்னு கணக்கு போடாதீங்க. இதெல்லாம் சரி. இதெல்லாம் உங்க மொதலாளி செவுத்துல எழுதி கூட ஒட்டிட்டாரு, அடியில என் பேரைப் போட்டு. பாத்திருப்பீங்க. அதைப் பாத்தா உங்களுக்குத் தைரியம் வருதோ என்னமோ, எனக்கு என் பேரை அழிச்சுடலாம் போல இருக்குது.

போன மாசம் நடந்ததைச் சொல்லி முடிச்சுக்கறேன். இங்க பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருக்கறேன், "அண்ணே"ன்னு ஒரு கொரலு. அஞ்சலை. வேப்பூர்ல ரோட்டோர ஓட்டல்ல சமையல் வேலையாம், லாரிக்காரங்களும் பஸ்ஸுக்காரங்களும் சாப்பிடற எடம். கோயிலுக்கு வந்துட்டுத் திரும்பறா. முடி நரைச்சுப் போயிருக்குது. நான் என்ன பேசறதுன்னு தெரியாம வெயில் ஜாஸ்தி, பஸ்ஸு லேட்டுன்னு ஒளறிக்கிட்டு இருக்கறேன். அவ குறுக்க கேட்டா.

"அந்தப் பாப்பா நல்லா இருக்குதாண்ணே?"

எனக்குத் தெரியல. அந்த அம்மா நம்பர் என் போன்லயே இருக்குது. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது, ஒரு நாளு கூட நான் கூப்ட்டுக் கேட்டதில்ல. கேட்டா மறுபடியும் நன்றி சொல்வாங்களேன்னு பயம்.

"தெரியலம்மா"ன்னேன்.

"போன் போட்டுக் கேளுங்களேண்ணே. நான் தெனம் நெனச்சுக்கறேன்."

வேற வழியில்ல. போட்டேன். எடுத்தாங்க. பேரைச் சொன்ன ஒடனே, "சார்! எப்படி இருக்கீங்க? உங்களைப் பத்தி நாங்க பேசாத நாளே இல்ல"ன்னாங்க. பொண்ணு நல்லா இருக்குதாம், ஏழாவது போவப் போவுதாம். அஞ்சலை என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கறா. நான் நல்லா இருக்குதுன்னு தலையாட்டிக் காட்டினேன். அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, முந்தானையால தொடைச்சுக்கிட்டா. அதைப் பாத்த பின்னாடி என்னால போனை வைக்க முடியல.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் ஒடனே வரல. தெரிஞ்சும் நின்னுக்கிட்டு இருந்தேன். மோரு ஊத்தினது ஒரு பொம்பளை, நான் திட்டினதுக்குப் பயந்து தன் சோத்து மோரை ஊத்தினா. தெரிஞ்ச ஒடனே சொல்லக் கெளம்பினதும் அவதான். நான் அவளை முந்திக்கிட்டேன், அவ்ளோதான்."

பஸ்ஸுக்காரன் வேப்பூர் வேப்பூர்னு கத்திக்கிட்டு இருக்கறான். போன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். ஆவல.

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"ன்னு கேட்டாங்க.

"மொத வடை தீர்ற வரைக்கும்."

அப்புறம், "அந்த அம்மா எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"ன்னாங்க. பக்கத்துலதான் நிக்கறாங்கன்னேன். போனைக் குடுக்கச் சொன்னாங்க. குடுத்தேன்.

அஞ்சலை ரெண்டு கையாலயும் போனைப் புடிச்சுக்கிட்டு, "ஆமாம்மா… இல்லம்மா… வேப்பூர்லம்மா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. ஒரு எடத்துல சிரிச்சா. அவங்க என்ன கேட்டாங்கன்னு எனக்குக் கேக்கல. கடைசியா, "கறுத்தா கறுக்கட்டும்மா, ருசி ஒண்ணும் மாறாது, வெறும் தண்ணியிலயே போடுங்க"ன்னு சொல்லிட்டு போனை என் கையில குடுத்தா. அந்தப் பக்கம் வச்சுட்டாங்க.

பாப்பா வாழைப்பூ வடை வேணும்னு இன்னும் கேக்குதாம், வூட்டுலயே பண்றாங்களாம்னு சொன்னா அஞ்சலை. பஸ்ஸு நகர ஆரம்பிச்சுடுச்சு, ஓடிப் போய் படியில காலை வச்சா.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களாம்மா?"ன்னு நானும் கூடவே ரெண்டடி ஓடிக் கேட்டேன்.

"இல்லண்ணே"ன்னா.